ஸ்பிரிட் போட்டுத் துடைத்த தட்டு

நண்பர்களே, இன்றைக்கு சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் கிடையாது. பழைய பாட்டுத் தட்டுகள் பற்றி ஒரு நீண்ட இழை. நடுவில் நான் செய்த ஒரு முட்டாள்தனமும் வரும். சொல்லப்போனால் அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அக்கா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் பாதி இசைத்தட்டுக்குப் போகிறது. அவன் தேடுவது மெட்டாலிக் ஹார்ட்கோர் என்கிற வகை. பங்க் இசையின் வேகமும் ஹெவி மெட்டலின் கனமும் சேர்ந்தது. எனக்கு அது டிரம்ஸ் கடைக்குள் லாரி புகுந்த மாதிரிதான் கேட்கிறது, அது வேறு விஷயம். 1980-களின் கடைசியிலும் 90-களிலும் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மாதிரி தொழிற்சாலை ஊர்களில் பையன்கள் சொந்தக் காசைப் போட்டு சில நூறு தட்டுகள் மட்டும் அடித்தார்கள். இன்டெக்ரிட்டி மாதிரி ஒரு சில குழுக்களுக்குப் பேர் நின்றது. பல குழுக்கள் ஒரே ஒரு தட்டோடு கலைந்து போயின. அந்த ஒற்றைத் தட்டைத்தான் இன்றைக்கு உலகம் முழுக்கத் தேடுகிறார்கள்.

போன வருஷம் போனில் பேசும்போது கேட்டான்: "மாமா, உங்க ஊர்ப் பக்கம் இந்த மாதிரி யாரும் தேடாத தட்டு எதுவும் கிடையாதா?"

திருவாடானையில் தட்டு என்றால் பாத்திரக்கடைதான்டா என்று சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அதற்கு மறுமாசம் என்னிடம் முட்டுவலிக்கு வருகிற அப்பத்தா ஒருவர், 86 வயசு இருக்கும், மாத்திரை வாங்கிக்கொண்டே சொன்னார்: "அப்பு, வீட்டைப் பிரிச்சுக் கட்டப் போறாக. பரண்ல மாமனாரு வச்சிருந்த பாட்டுப் பிளேட்டெல்லாம் கெடக்கு. ரங்கூன்லேர்ந்து கொண்டாந்தது. பழைய இரும்புக்காரன் வேணாம்ட்டான். ஒனக்கு வேணுமா?"

மரப்பெட்டியில் 11 தட்டுகள். 3 உடைந்திருந்தன. மீதியில் பெரும்பாலானவை நாய் படம் போட்டவை, ஓடியன் கம்பெனித் தட்டு இரண்டு. ஒன்றில் மட்டும் நாய் இல்லை. தட்டின் மேல் உட்கார்ந்து இறகால் எழுதும் ஒரு தேவதைக் குழந்தை. ஒரு பக்க லேபிளைச் செல்லரித்திருந்தது. இன்னொரு பக்கத்தில் தமிழ் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. புழுதியும் பூஞ்சையும் ஏறிக் கிடந்தது.

டாக்டர் கையில் அழுக்கான பொருள் கிடைத்தால் என்ன செய்வார்? பஞ்சை எடுத்தேன், சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்தேன், எழுத்து தெரியும் பக்கத்தை நன்றாக அழுத்தித் துடைத்தேன்.

பஞ்சு கறுப்பாக வந்தது. அழுக்குதான் வருகிறது என்று சந்தோஷமாக இன்னும் துடைத்தேன். அரை நிமிஷத்தில் தட்டு பிசுபிசுத்தது. பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தது. லேபிள் மை கரைந்து வழிந்தது. நான் துடைத்து எடுத்தது அழுக்கை இல்லை, பாட்டை.

எதிரே மரவேலை பார்க்கும் ஆசாரியிடம் காட்டினேன். ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஸ்பிரிட்டுல அரக்கு கரையும்னு தெரியாதா சார்? நாங்க பாலிஷே அப்படித்தானே காய்ச்சுறோம்."

இத்தனைக்கும் எனக்கு அது தெரிந்த சங்கதி. வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலில் போய்க் கரைய வேண்டிய மாத்திரைகளுக்கு மேலே ஒரு பூச்சு போடுவார்கள் இல்லையா, அதற்கு நெடுங்காலம் பயன்பட்டது இதே அரக்குதான். கல்லூரியில் படித்து மார்க் வாங்கினேன். கை மட்டும் மறந்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு.

நாம் பொதுவாக எல்லாத் தட்டையும் வினைல் என்கிறோம். 1960-களுக்கு முந்தைய 78 சுற்றுத் தட்டுகளில் பெரும்பாலானவை வினைல் இல்லை. அரக்குப்பூச்சி மரக்கிளையில் உமிழும் பிசின், அதோடு கல்மாவு, கரித்தூள், கொஞ்சம் பஞ்சு நார். எல்லாம் சேர்த்துச் சூடாக்கி அச்சில் அழுத்தினால் தட்டு. உலகத்துக்கே அந்த அரக்கை அதிகமாக அனுப்பியது நம் நாட்டின் சோட்டா நாக்பூர் காடுகள். லண்டனில் பாடியவரின் குரலும் நம் ஊர்ப் பூச்சியின் பிசினில்தான் பதிந்தது.

1902-ல் ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். அவர் பதிவு செய்ததில் பெரும்புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். பாடி முடித்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். பெருமைக்காகச் சொன்னது இல்லை. மெழுகுப் பதிவு கப்பலேறி ஜெர்மனியில் ஹனோவருக்குப் போகும். அங்கே தட்டு அடிக்கிறவருக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே. அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனிக்காரர்கள் சென்னைக்கும் வந்தார்கள். 1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு மைக் கிடையாது. ஒரு பெரிய கொம்புக் குழாய்க்குள் தலையை விட்ட மாதிரி நின்று பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கிழிக்கும். மெல்லப் பாடினால் ஒன்றும் பதியாது. நம் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்தக் குழாய் பிடித்தது அதில் ஒரு சின்னத் துண்டு, ஏறக்குறைய 200-லிருந்து 2,000 சொச்சம் வரை. மிருதங்கத்தின் அடித்தொப்பி போய்விடும், தம்புராவின் ரீங்காரம் போய்விடும். மிஞ்சுவது குரல். அதுவும் உரத்த, கூரான குரல். மின்சார மைக் பதிவு வந்தது 1925-ல்.

அந்தக் குழாய்க்கு முன்னால் முதலில் துணிந்து போய் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெரிய வித்வான்கள் பலர் தயங்கினார்கள். தொண்டை போய்விடும் என்று பயம், நாவிதர் கடையில் எல்லாம் நம் பாட்டு ஒலிக்குமே என்று கூச்சம். தேவதாசி மரபில் வந்த பெண்களுக்கு அந்தத் தயக்கம் குறைவாக இருந்தது. சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி. பெயருக்கு முன்னால் ஊர் நிற்பதைக் கவனியுங்கள். மேடை அவர்களுக்குக் குறுகிக்கொண்டே வந்த காலம் அது. 3 நிமிஷம் பாடு, காசு வாங்கு, போ என்றது கம்பெனி. ஒரு மணி நேர ராகத்தை 3 நிமிஷத்துக்குள் மடித்து வைக்கிற வித்தையை அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

தாயியின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1872-ல் பிறந்து 1917-ல் போய்ச் சேர்ந்தவர். 1912 வாக்கில் மாரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் இந்தியாவுக்கு வந்தார், ராவெலின் மாணவர். இந்தியத் தட்டுகளைத் தேடிக் கேட்டவர் அவர். தாயியின் குரல் அவரை ஆட்டி வைத்தது. ஊர் திரும்பி அவர் எழுதிய 'நான்கு இந்துக் கவிதைகள்' 1914 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறியது. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பாடகி நம் ஊர்ப் பெண்களின் கமகத்தைத் தொட்டுவிட முயன்றுகொண்டிருந்த நாட்களில், இங்கே அந்தப் பெண்களின் தட்டுகள் பரணுக்குப் போக ஆரம்பித்திருந்தன.

பிறகு ஸ்பெஷல் நாடகக்காரர்களின் காலம். செங்கோட்டை கிட்டப்பா மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை குரலை எறிந்தவர். 1933 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயசு 27. ஒரு மருத்துவனாக அந்த எண்ணை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. அவர் குரலென்று நமக்கு மிஞ்சியது தட்டுகள் மட்டுமே. கே.பி. சுந்தராம்பாள் அதற்கப்புறம் வெள்ளைச் சேலையோடு எத்தனையோ வருஷம் வாழ்ந்தார், படங்களில் நடித்தார், அவர் குரல் எல்லோருக்கும் தெரியும். மதுரையில் சண்முகவடிவு தன் 10 வயசு மகளைப் பாடவைத்துத் தட்டு கொடுத்தது 1926-ல். அந்தச் சிறுமிதான் எம்.எஸ். சுப்புலட்சுமி.

இப்போது நம் ஊருக்குப் பக்கத்தில் வருவோம். திருவாடானையிலிருந்து தேவகோட்டை வழியாகப் போனால் ஒரு மணி நேரத்தில் காரைக்குடி. அங்கே ஏ.வி. அண்ட் சன்ஸ் என்று ஒரு கடை, கிராமபோன் தட்டும் விற்றார்கள். கடைக்காரர் மகன் விற்பதோடு நிற்கவில்லை. நாமே பாடவைத்து விற்றால் என்ன என்று சென்னைக்குப் போய் 1932-ல் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஓடியன் தட்டுகளாக வெளியிட்டார். ஆமாம், ஏ.வி. மெய்யப்பச் செட்டியார்தான். சினிமா அதற்குப் பிறகு. யுத்தகாலத்தில் ஸ்டூடியோவைக் காரைக்குடிக்கே கொண்டுவந்தார், 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். அப்பத்தா பெட்டியில் இருந்த ஓடியன் தட்டு இரண்டும் அந்த வழியாக இந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

தட்டு ஏன் இவ்வளவு அரிதாகிப்போனது? கீழே போட்டால் ஓடு மாதிரி உடையும். கைச்சாவி கிராமபோனின் தலைக்கனம் 100 கிராமுக்கு மேல், இரும்பு ஊசி ஒவ்வொரு முறையும் பள்ளத்தைச் சுரண்டும். பிடித்த பாட்டுதான் சீக்கிரம் தேயும். பிறகு வினைல் வந்தது, கேசட் வந்தது. மேல்நாட்டில் 1960 வாக்கிலேயே 78-ஐ ஏறக்கட்டிவிட்டார்கள், நம் நாட்டில் அதற்குப் பிறகும் சில வருஷம் ஓடியது. பீட்டில்ஸ் பாட்டுகளே இந்தியாவில் 78 தட்டாக வந்திருக்கின்றன. அவற்றுக்கு இன்றைக்கு உலகச் சந்தையில் கொள்ளை விலை. தாயிக்கோ கோதாவரிக்கோ அப்படி ஒரு சந்தை இல்லை. கம்பெனிகள் எல்லாவற்றையும் பாதுகாத்து வைத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பல பாட்டுகளுக்கு மிச்சம் இருப்பது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும் ஒரு பிரதிதான்.

பொங்கலுக்கு அக்கா மகன் வந்தான், தன் பிளேயரையும் 78-க்கென்று தனி ஊசியையும் தூக்கிக்கொண்டு. நான் செய்ததைப் பார்த்து என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தட்டைத் திருப்பி, செல்லரித்த பக்கத்தை மென்மையான பிரஷால் தூசி தட்டிவிட்டுப் போட்டான்.

முதலில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது. அடிவயிற்றிலிருந்து வருகிற குரல், மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டு இறங்கவே இல்லை. பின்னால் வயலின் ஒரு கொசு மாதிரி. தன் ஹார்ட்கோர் பாடகர்கள் எல்லாம் மைக் வைத்துக்கொண்டு கத்துகிறார்கள், இந்தம்மா மைக்கே இல்லாமல் என்று சொல்ல வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

பாட்டு முடிந்தது. இரைச்சல். பிறகு அதே குரல் பேசியது. ஊர்ப் பெயர், அப்புறம் தன் பெயர். இரண்டே சொல்.

ஸ்டெதஸ்கோப்பில் இதயத்தின் முணுமுணுப்பைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது என்னுடையது. 40 தடவை கேட்டுவிட்டேன். ஊர் பிடிபடவில்லை. பெயர் எனக்கு ரத்னம் என்று கேட்கிறது, என் மனைவிக்குக் கனகம் என்று. இன்னொரு பக்கத்து லேபிளில் அது தமிழில் அச்சாகியிருந்தது. அதைத்தான் நான் பஞ்சில் துடைத்து எடுத்துக் குப்பையில் போட்டேன்.

லேபிளுக்கு வெளியே தட்டிலேயே பொறித்த ஓர் எண் இருக்கும், பதிவு எண். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. பழைய பதிவேடுகளை வைத்து எண்ணிலிருந்து பாடகியைக் கண்டுபிடிக்கிற சேகரிப்பாளர்கள் நாட்டில் இருக்கிறார்கள், மும்பையில் 1990-லிருந்து அவர்களுக்கென்று ஒரு சங்கமே உண்டு. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இதே இழையில் போடுகிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மற்றவர்கள் எடைக்குப் போட்ட புத்தகம், பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு அதை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. நம் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒருவர் இருந்திருக்கிறார் என்பதால் கேட்கிறேன்: தொண்டி, ஆர்.எஸ். மங்கலம், தேவகோட்டை பக்கம் யார் வீட்டிலாவது பழைய தட்டு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். படுக்க வைத்து அடுக்காதீர்கள், செங்குத்தாக நிறுத்துங்கள். தாத்தா காலத்துப் பெட்டியில் ஓட்டிப் பார்க்காதீர்கள், வினைல் ஊசியையும் வைக்காதீர்கள், இந்தப் பள்ளம் அகலம். உலர்ந்த பிரஷ் போதும். லேபிளையும், அதைச் சுற்றிப் பொறித்த எண்ணையும் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துக் கீழே போடுங்கள். உடைந்த தட்டாக இருந்தாலும் போடுங்கள்.

ஸ்பிரிட் மட்டும் வேண்டாம். சானிடைசரும் அதே கதைதான்.

அப்பத்தா நேற்று வந்திருந்தார். பாட்டை அவருக்குப் போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மாமனாரு இதைக் கேக்கையில யாரையும் பேச விடமாட்டாரு" என்றார். யார் பாடினது என்று ஞாபகம் இருக்கா அப்பத்தா என்றேன்.

"பிளேட்டுல எழுதியிருக்குமேப்பு" என்றார்.