பனிமலையில் பிறந்த பத்து விதிகள்

வடபுல மாந்தருக்குப் பனிச்சறுக்கு ஆதியில் விளையாட்டன்று, வழிநடை. நோர்வே நாட்டில் பல்லாயிரம் ஆண்டுகளாக வேட்டைக்காரரும் குடியானவரும் மரப்பலகைகளைக் காலிற் பூட்டிப் பனியைக் கடந்து வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அது விளையாட்டாக வளர்ந்தது. அக்காலத்தில் ஒரு முறை சறுக்கி இறங்க விரும்பியவர் முதலில் மலை முழுவதையும் காலால் ஏறியாக வேண்டும். ஏறும் வருத்தமே கூட்டத்தைக் குறைத்தது. ஏறுவோருக்குப் பயிற்சியும் தந்தது.

இயந்திரம் இந்நிலையை மாற்றிற்று. 1934ஆம் ஆண்டு சுவிற்சலாந்தின் டாவோஸ் நகரில் சறுக்குவோரை மேலே இழுத்துச் செல்லும் கம்பிப்பொறி அமைந்தது. 1936இல் அமெரிக்காவின் சன் வலியில் கம்பியில் தொங்கும் ஆசனங்கள் வந்தன. ஏறத் தெரியாதவரும் நொடிப்பொழுதில் உச்சியை அடைந்தனர். சரிவுகள் நிறைந்தன, விபத்துக்களும் பெருகின.

அதே 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேர்மொன்ற் மாநிலத்து மலையொன்றில் சார்ள்ஸ் மைனட் டோல் என்பவர் விழுந்து கணுக்கால் முறிந்தார். அவரைக் கீழே கொணர முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. நண்பர்கள் கூரைத் தகரம் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன்மேற் கிடத்தி இழுத்து வந்தனர். அவ்வாறு உதவிய நண்பர்களுள் ஒருவராகிய பிராங்க் எட்சன், சில வாரங்களின் பின் சறுக்குப் போட்டியொன்றில் அடிபட்டு உயிர் நீத்தார். அத்துயரே டோலைச் செயலில் இறக்கியது. 1938இல் அவர் தொடக்கிய தேசியப் பனிச்சறுக்குக் காவற்படை, தொண்டர்களைக்கொண்டு இன்றும் இயங்கி வருகின்றது.

ஆயினும், விழுந்தவரைத் தூக்குவது வேறு. விழாமற் காப்பது வேறு. 1924இல் நிறுவப்பட்ட சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம், 1967ஆம் ஆண்டு லெபனானின் பெய்ரூத் நகரிற் கூடியபோது பத்து நடத்தை விதிகளை ஏற்றது. அவற்றின் உயிர்நாடி ஒன்றே: பின்னால் வருபவரே முன்னால் செல்பவரின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளி. கீழ்நோக்கி விரைபவருக்கு முதுகிற் கண் இல்லை. பின்வருபவருக்கோ முன்னிருப்பவர் நன்கு தெரிவார். ஆகவே காண்பவரே விலகுதல் வேண்டும். தம் திறனுக்கும் பனியின் நிலைக்கும் ஏற்ற வேகத்தில் செல்லல், குறுகிய இடத்திலும் பிறர் காணாத இடத்திலும் நில்லாமை, புறப்படுமுன் மேலும் கீழும் நோக்கல், விபத்துக் கண்டால் உதவி செய்து தம் பெயர் கூறல் என்பனவும் அவற்றுள் அடங்கும்.

1965இல் மிச்சிகனைச் சேர்ந்த ஷேர்மன் பொப்பன் தம் பெண்மக்களுக்காக இரு பலகைகளை ஒன்றாகப் பிணைத்தார். ஒற்றைப் பலகையில் பக்கவாட்டாக நின்று சறுக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. அவ்வாறு நிற்பவருக்கு ஒரு புறம் மறைந்திருக்கும். எனவே அவரும் இவ்விதிகளுக்கு உட்பட்டவரே.

இவ்விதிகளை எந்தப் பாராளுமன்றமும் இயற்றவில்லை. எனினும் ஒஸ்திரியா, சுவிற்சலாந்து ஆகிய நாடுகளின் நீதிமன்றங்கள் விபத்து வழக்குகளில் இவற்றை அளவுகோலாகக் கொள்கின்றன. அயலாரை மதிக்கும் பண்பு எழுத்தில் வடிக்கப்பட்டு, நீதிபதியின் கையில் நிறைகோலாயிற்று.