அலீன் கஸ்ட்: 28 ஆண்டுகள் மாணவியாக இருந்த கால்நடை மருத்துவர்

அலீன் இசபெல் கஸ்ட் (1868–1937) பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கால்நடை மருத்துவராகப் பதிவு பெற்ற முதல் பெண். 1894ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பட்டயம் அவர் கைக்கு வந்தது 1922 டிசம்பர் 21 அன்று. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் அவர் பாடங்களைப் படித்து முடித்தார், கிராமங்களில் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியம் பார்த்தார், உலகப் போரின்போது தொண்டராகப் பிரான்சுக்குச் சென்றார். ஆனால் ஏட்டின்படி அந்த நாள் முழுவதும் அவர் தேர்வு எழுதாத மாணவிதான். படிப்பு, தொண்டு, அன்றாடப் பிழைப்பு மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்று இன்றைய கால்நடை மருத்துவ மாணவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியை மிகக் கடினமான வடிவில் எதிர்கொண்டவர் இவர்.

இளமை

அயர்லாந்தின் திப்பரேரி மாவட்டத்தில் 1868 பிப்ரவரி 7 அன்று பிறந்தார். தந்தை சர் லியோபோல்ட் கஸ்ட், பெருநிலக்கிழார்களின் நிலங்களை மேற்பார்வையிடும் முகவர். குதிரையும் நாயும் நிறைந்த வீடு. 1878இல் தந்தை இறந்தபின் குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. தாய் விக்டோரியா அரசியின் அரண்மனையில் பதவி வகித்தவர். அத்தகைய குடும்பத்துப் பெண் மாட்டுக் கொட்டிலில் முழங்கை வரை கையை விட்டு வேலை செய்வதை உறவினர் விரும்பவில்லை. அலீன் முதலில் லண்டனில் செவிலியர் பயிற்சிக்குப் போய்ப் பார்த்தார், மனம் ஒட்டவில்லை. பிறகு தான் விரும்பியதையே படிப்பதென்று முடிவு செய்தார்.

எடின்பரோவில்

வில்லியம் வில்லியம்ஸ் என்பவர் 1873இல் எடின்பரோவில் தொடங்கிய புதிய கால்நடை மருத்துவக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. குடும்பத்துக்குச் சங்கடம் வேண்டாம் என்று 'ஏ. ஐ. கஸ்டன்ஸ்' என்ற பெயரில் பதிந்துகொண்டார். அன்றைய பாடத்திட்டத்தில் குதிரையே நடுநாயகம். உடற்கூறு, நோயியல், லாடம் கட்டும் கலை என எல்லாமே குதிரையைச் சுற்றியே கற்பிக்கப்பட்டன. ஊருக்குள் வண்டி இழுப்பதும் வயலில் ஏர் இழுப்பதும் அதுவே என்பதால் இதில் வியப்பில்லை. வகுப்பில் ஒரே பெண்ணாக இருந்த அலீன் விலங்கியலில் தங்கப் பதக்கம் பெற்றார்.

அதே நகரில் கால் நூற்றாண்டுக்கு முன் வேறொரு போராட்டம் நடந்திருந்தது. 1869இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக் உள்ளிட்ட ஏழு பெண்கள் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மனித மருத்துவம் படிக்கச் சேர்ந்தனர். 1870 நவம்பரில் அவர்கள் தேர்வு எழுத வந்தபோது ஒரு கும்பல் வாயிலை மறித்தது. 1873இல் நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875இலேயே மேரி ஷார்லிப் முதலிய பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பதை நம் மாணவர்கள் இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளத் தயங்கும் பெண் நோயாளிகளுக்காகப் பெண் மருத்துவர் தேவை என்ற வாதம் அந்தக் கதவைத் திறக்க உதவியது. மாட்டுக்கும் குதிரைக்கும் அந்த வாதம் செல்லாது. கால்நடை மருத்துவம் பெண்களுக்குப் பின்னால் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேர்வு மறுப்பு

கல்லூரி சேர்த்துக்கொண்டால் போதாது. பிரிட்டனில் தேர்வு நடத்திப் பட்டயம் வழங்கும் உரிமை லண்டனிலிருந்த அரச கால்நடை மருத்துவர் கழகம் என்ற ஒரே அமைப்பிடம் இருந்தது. 1844ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி அமைந்தது அது. அலீன் முதல் தொழில்முறைத் தேர்வு எழுத விண்ணப்பித்தபோது, பெண்ணை அனுமதிக்க இயலாது என்று கழகம் மறுத்தது.

அவர் எடின்பரோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் கழித்த எனக்கு, தேர்வைத் தள்ளிவைக்கக் காரணம் தேடும் பிள்ளைகளைத்தான் தெரியும். 'எனக்குத் தேர்வு வையுங்கள்' என்று வழக்கு மன்றம் ஏறிய மாணவி அபூர்வம். 1897இல் வந்த தீர்ப்பு சரி, தவறு என்ற கேள்விக்குள் போகவே இல்லை. கழகத்தின் இருப்பிடம் லண்டன், ஆகவே ஸ்காட்லாந்து நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்கும் அதிகாரம் கிடையாது என்று முடிந்துவிட்டது. லண்டனில் மீண்டும் வழக்குத் தொடர்ந்திருக்கலாம். அவர் தொடரவில்லை. அரண்மனைப் பணியிலிருந்த தாயின் பெயர் செய்தித்தாள்களில் அடிபடும் என்ற கவலை அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் கல்லூரியை விட்டு அவர் விலகவும் இல்லை. தேர்வு இல்லை என்று தெரிந்தபின்னும் மீதிப் பாடங்களை இருந்து படித்து 1900இல் முடித்தார். படிப்பை நிறைவு செய்தார் என்று முதல்வர் வில்லியம்ஸ் ஒரு சான்றுக் கடிதம் கொடுத்தார். அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

ரோஸ்காமனில் தொழில்

பட்டயம் இல்லாமல் எப்படித் தொழில் செய்ய முடிந்தது? 1881ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டம் 'கால்நடை மருத்துவர்' என்ற பெயரைத்தான் காத்தது, வேலையை அல்ல. பதிவு பெறாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது, விலங்குக்கு வைத்தியம் பார்க்கத் தடையில்லை. (வைத்தியம் பார்ப்பதையே பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது 1948ஆம் ஆண்டுச் சட்டம்.) இந்த இடைவெளியில்தான் அலீனின் பிழைப்பு நடந்தது. அயர்லாந்தின் ரோஸ்காமன் மாவட்டத்தில் ஆத்லீக் என்ற ஊருக்கு அருகே வில்லியம் பைர்ன் என்ற பதிவு பெற்ற மருத்துவர் அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். பிரசவத்தில் சிக்கிய கன்றை இழுப்பது, குதிரைக்குக் காயடிப்பது, நொண்டும் காலைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. தன் மாடு பிழைத்தால் போதும் என்றிருக்கும் குடியானவர் சான்றிதழை வாங்கிப் படித்துப் பார்க்கப் போவதில்லை.

1905இல் கால்வே மாவட்ட மன்றம் அவரைக் கால்நடை ஆய்வாளராகத் தேர்ந்தெடுத்தது. கழகம் எதிர்த்தது. பட்டயம் இல்லாதவரை எப்படி நியமிக்கலாம் என்று கேட்டது. பட்டயம் பெற வழி விடாததும் அதே கழகம்தான்! பதவிக்கு மறுபடி விளம்பரம் செய்தார்கள். மன்றம் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தது. கடைசியில் பதவிப் பெயரிலிருந்து 'கால்நடை மருத்துவ' என்ற அடைமொழியை நீக்கி, வெறும் ஆய்வாளர் என்று வைத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். 1910இல் பைர்ன் இறந்தபின் அந்தத் தொழில் முழுவதையும் அலீனே ஏற்று நடத்தினார்.

போர்க்காலத் தொண்டு

முதல் உலகப் போர் லாரிகளின் போராக முடிந்தாலும் குதிரைகளின் போராகவே தொடங்கியது. பீரங்கி, உணவு, வெடிமருந்து அனைத்தையும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேற்றில் இழுத்தன. குண்டுக் காயத்தோடு சொறி நோயும் சோர்வும் அவற்றைப் படுக்க வைத்தன. இராணுவக் கால்நடை மருத்துவப் படையில் பெண்ணுக்கு இடமில்லை. 1915இல், 47 வயதில், நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு, தம் சொந்தக் காரோடு அலீன் பிரான்சுக்குப் போனார். சேர்ந்தது கிறித்தவ இளைஞர் சங்கத்தின் தொண்டராக. தங்கியது அப்வில் நகரின் பக்கம், பிரிட்டிஷ் படையின் குதிரை மருத்துவமனைகள் இருந்த இடத்தில். தொண்டர் என்ற பெயரில் அங்கே குதிரைகளுக்கான சிகிச்சையில் கைகொடுத்தார். 1918இல் பெண்கள் துணைப்படையில் இடம் பெற்று நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியிலும் இருந்தார். மற்றவர்கள் படிப்பின் ஓய்வு நேரத்தில் தொண்டு செய்வார்கள். இவருக்கோ, படித்த படிப்பை நாட்டுக்குப் பயன்படுத்தத் தொண்டு என்ற பெயரைத் தவிர வேறு வாசல் இல்லை.

பட்டயம்

போருக்குப் பின் 1919இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பெண் என்ற காரணத்தால் தொழிலுக்கோ பதவிக்கோ ஒருவரைத் தகுதியற்றவராக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அதன்பின் கழகத்தால் கதவைச் சாத்தி வைக்க முடியவில்லை. 1922இல் அலீன் மீண்டும் விண்ணப்பித்தார். நீண்ட அனுபவத்தைக் கருதி எல்லாத் தேர்வுகளையும் எழுதச் சொல்லாமல் இறுதித் தேர்வோடு நிறுத்திக்கொண்டார்கள். டிசம்பரில் கழகத் தலைவர் ஹென்றி சம்னர் பட்டயத்தை வழங்கியபோது அவருக்கு வயது 54. அடுத்த ஆண்டே லிவர்பூலில் படித்த எடித் நைட், உரிய காலத்தில் எல்லாத் தேர்வுகளையும் எழுதித் தகுதி பெற்றார். அலீன் படித்த எடின்பரோக் கல்லூரிதான் 1904இல் லிவர்பூலுக்கு இடம் பெயர்ந்து அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

பட்டயத்தை வைத்து அலீன் தொழில் செய்த காலம் மிகக் குறைவு. உடல்நலம் குன்றியதால் 1924இல் அயர்லாந்துத் தொழிலை விற்றுவிட்டு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் குடியேறினார். 1937 ஜனவரியில் ஜமைக்காவுக்குச் சென்றிருந்தபோது அங்கேயே இறந்தார். தம் உயிலில் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி உதவித்தொகைக்காகப் பணம் எழுதி வைத்திருந்தார். பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது அதன் விதி. அந்தப் பணத்தை அவர் விட்டுச் சென்றது, தம்மைத் தேர்வு எழுத விடாத அதே அரச கால்நடை மருத்துவர் கழகத்திடம்.