சுக்கிலநத்தம் முதல் தூத்துக்குடி வரை: சுயமரியாதைத் திருமணத்தின் சட்டப் பயணம்

அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928 மே 28 அன்று பெரியார் தலைமையில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பது இயக்க வரலாறு. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, அம்மி மிதித்து அருந்ததி பார்க்கவும் இல்லை. மணமக்கள் ஊரறிய ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமை, மணவிலக்கு உரிமை ஆகியவற்றோடு சேர்த்தே திருமணத்தைப் பேசியது. சடங்கை விலக்குவதும் மனைவியைச் சரிநிகராக வைப்பதும் அவர்களுக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். வேண்டுமென்றே ராகு காலத்திலேயே முகூர்த்தம் வைத்தார்கள். கைம்பெண்களுக்கும் சாதி மறுத்தவர்களுக்கும் மணமேடை போட்டார்கள். அந்த மணவிழாச் செய்திகளைப் பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் தொடர்ந்து வெளியிட்டது.

இந்த மணங்களைச் சட்டம் எப்படிப் பார்த்தது? அன்று இருந்த வழி 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மணமக்கள் இன்னின்ன மதங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று எழுதிக் கொடுத்தால்தான் அதன்படி மணக்க முடியும். 1923இல் வந்த திருத்தம் இந்துக்களுக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. ஆனால் அப்படி மணப்பவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார் என்று ஒரு விலையும் வைத்தது. குடும்பச் சொத்தை நம்பியிருந்த ஒருவருக்கு அது சிறிய விலை அல்ல. ஆகவே பெரும்பாலோர் மேடையில் சொன்ன உறுதிமொழியையே போதுமென்று நம்பி வாழ்ந்தார்கள்.

அந்த நம்பிக்கை 1953இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் உடைந்தது. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்று பதிவான சொத்து வழக்கில், சுயமரியாதை முறையில் நடந்த திருமணம் இந்து சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பானது. சாஸ்திரச் சடங்கு வேண்டும், அல்லது நெடுங்காலமாக வழங்கிவரும் வழக்காறு வேண்டும். ஓர் இயக்கத்தார் கூடி நேற்று உண்டாக்கிய முறை வழக்காறு ஆகாது என்பது அதன் சாரம். இந்த வாதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். புதிதாக ஒரு முறையைத் தொடங்குகிறவர்கள் பழைமையை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? இரண்டாண்டுகளில் வந்த 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் 7ஆம் பிரிவில் வழக்காற்றுச் சடங்குகளையே கேட்டது. வாரிசு என்ற பேச்சு எழும்போது ஒரு பெண்ணின் இத்தனை ஆண்டு இல்லறமும், அவள் பிள்ளைகளின் பெயரும் கேள்விக்குள்ளாகும் நிலை நீடித்தது.

1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு இதைச் சட்டமன்றத்தில் தீர்த்தது. அந்த ஆண்டின் 21ஆம் எண் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் அது சேர்த்த 7ஏ பிரிவு கேட்பது மிகக் குறைவு. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தங்களுக்குப் புரிந்த எந்த மொழியிலும், ஒருவரை ஒருவர் ஏற்பதாக இருவரும் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று போதும்.

அந்தச் சட்டத்தின் உயிர் எனக்குத் தெரிந்தவரை இன்னொரு வரியில் இருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும், அவை நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அது அறிவித்தது. நாற்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களை மறுபடி மணமேடை ஏறச் சொல்லவில்லை. அன்று நீங்கள் சொன்ன சொல் அன்றே போதுமானது என்றது. திருமணத்தை மதிப்பது என்பதற்கு நம் சட்ட நூல்களில் இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

பின்னாளில் இந்தப் பிரிவும் குறுக்கப்பட்டது. வழக்கறிஞர் அலுவலகங்களில் கமுக்கமாக நடக்கும் மணங்கள் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. வீட்டாருக்கு அஞ்சி ஓடிவரும் சாதி மறுப்பு இணையர்களால் ஊரைக் கூட்டி மணக்க முடியாது என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் அந்த நிலைப்பாட்டை ஏற்க மறுத்தது.

இதற்கிடையே கேள்வி வேறொரு வாசலில் வந்து நின்றது. 2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணந்துகொண்டார்கள். பதிவு அலுவலகம் பதிய மறுத்தது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகளில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்துப் பதிவு செய்ய உத்தரவிட்டார். தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை ஏற்ற, உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டு நால்சா தீர்ப்பு அதற்கு அடித்தளம்.

ஒருபாலினத்தவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அன்று என ஒருமித்துக் கூறியது. ஆண், பெண் உறவில் இருக்கும் திருநர்கள் இப்போதுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம் என்றும் ஏற்றது. மற்றவர்களுக்கு அங்கீகாரம் தருவதைச் சட்டமன்றங்களிடம் விட்டது. 1953ஐப் போலவே இப்போதும், ஏற்கெனவே இருக்கும் அமைப்புக்குள் இடமில்லாதவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்றே நான் வாசிக்கிறேன். 2025 மே மாதத்தில் ஓர் ஆட்கொணர்வு வழக்கில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொல்லி, ஒரு பெண் தான் விரும்பிய பெண்ணோடு போக அனுமதித்தார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் அது வாரிசுரிமையோ, கணவன் மனைவிக்குச் சட்டம் தரும் பிற உரிமைகளோ தராது.

அந்த உரிமைகளுக்கான வழி 7ஏ பிரிவிலேயே இருக்கிறது. அதன் தொடக்கம் ‘இரண்டு இந்துக்களுக்கு இடையிலான’ எந்தத் திருமணத்தையும் பற்றிப் பேசுகிறது. அதன் உட்பிரிவுதான் ஒருவர் மற்றவரை மனைவியாக, கணவனாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும் என்கிறது. திருமணமும் மணவிலக்கும் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் 5ஆம் இனமாக இருப்பவை. 1967இல் செய்ததுபோல மாநிலச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் கேட்கலாம். அந்த உட்பிரிவில் ‘வாழ்க்கைத் துணை’ என்று எழுதுவதோடு, மணமகன், மணமகள் வயதைச் சொல்லும் 5ஆம் பிரிவையும் அதற்கேற்பத் திருத்த வேண்டியிருக்கும். அதற்கு முன்பே இணைந்து வாழத் தொடங்கியவர்களுக்கும் அந்தந்த நாளிலிருந்தே அது செல்லும் என்ற வரியை அண்ணாவின் சட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.