படகு ஏன் கவிழ்கிறது?

வாசகர்களே, மதுரைச் சமவெளியின் வயல்களுக்கு வரும் பெரியாற்று நீர் எங்கே தேங்கி நிற்கிறது தெரியுமா? பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் உருவாக்கிய ஏரியில்! மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து அது வைகையோடு சேருகிறது. தேக்கடியில் படகுகள் ஓடுவதும் இதே ஏரியில்தான்.

2009 செப்டம்பர் 30ஆம் நாள் அங்கே 'ஜலகன்யகா' என்ற ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாகச் செய்திகள் கூறின.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நீர்த்தொட்டியில் ஒரு கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதன் அடியில் கல்லை வையுங்கள். சாய்த்து விட்டாலும் நிமிர்ந்துவிடும். கிண்ணத்தின் மேல் தட்டை வைத்து, அதன் ஓரத்தில் அதே கல்லை வையுங்கள். கவிழ்ந்துவிடும்! எடை மேலே ஏற ஏற ஈர்ப்பு மையம் உயர்கிறது. சாய்ந்த படகை நிமிர்த்தும் ஆற்றல் குறைகிறது. மேல்தளத்தில் கூட்டம் ஒரு பக்கம் நகர்வதும் இப்படித்தான்.

கேரள அரசு 2010இல் உள்நாட்டுக் கலங்களுக்குப் புதிய விதிகளை வகுத்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2021இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. கலங்களைப் பதிவு செய்தல், தகுதி ஆய்வு ஆகியவற்றோடு, கலங்களால் நீர் மாசுபடாமல் தடுப்பதும் அதில் இடம்பெற்றது.

ஆனால் படகுத்துறையில் நிற்பது சட்டமன்று, நாம்தான். எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள். உயிர்காப்பு அங்கி அணியுங்கள். இருக்கையை விட்டு எழாதீர்கள்!