இரண்டே முக்காலும் பௌனே தீனும்

1982-ஆம் ஆண்டு, ஜனக்புரியில் உறவினர் ஒருவரின் மளிகைக் கடையில் நான் தராசு பிடிக்கத் தொடங்கிய புதிது. ஒரு பஞ்சாபி அம்மாள் "பௌனே தீன் கிலோ" பருப்பு கேட்டார். 'பௌனே' முக்கால், 'தீன்' மூன்று. ஆக மூன்றே முக்கால் என்று நிறுத்துப் பொட்டலமும் கட்டிவிட்டேன். ஒரு கிலோவைக் கூடுதலாகத் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று அந்த அம்மாள் கடை அதிரச் சத்தம் போட்டார். வந்தவாசிப் பக்கத்துச் சமண வணிகக் குடும்பத்தில் பிறந்தவன் நான். அளவில் பொய் என்ற பேச்சு இன்றும் மறக்கவில்லை.

பௌனே தீன் என்றால் மூன்றுக்குக் கால் குறைவு, அதாவது 2¾. நாம் அதையே இரண்டே முக்கால் என்கிறோம். இரண்டோடு முக்காலைக் கூட்டுகிறது தமிழ். மூன்றிலிருந்து காலைக் கழிக்கிறது இந்தி. தொகை ஒன்றுதான், வழிதான் வேறு.

பல ஆண்டுகள் கழித்து, சமண ஆசாரியர் மகாவீராச்சாரியாரின் 'கணித சார சங்கிரகம்' படித்தபோது இவ்விரண்டும் அங்கே இருக்கக் கண்டேன். ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், கி.பி. 850-ஐ ஒட்டி எழுந்த நூல் அது. 1912-இல் ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் பதிப்பித்தார். முழு எண்ணோடு பின்னம் கூடி நிற்பதைப் 'பாகானுபந்தம்' என்றும், குறைந்து நிற்பதைப் 'பாகாபவாகம்' என்றும் அந்நூல் பிரித்துச் சொல்கிறது. நமது இரண்டே முக்கால் முதல் வகை. என்னைத் திண்டாடவைத்த பௌனே தீன் இரண்டாம் வகை.

கீழ்எண்கள் பல இருந்தால் அவற்றுக்குப் பொதுவான மிகச்சிறிய எண்ணைக் கண்டு கூட்டும் விதியையும் அவர் தருகிறார். அந்த எண்ணுக்கு அவர் இட்ட பெயர் 'நிருத்தம்'. இன்றைய பள்ளிகளில் மீச்சிறு பொது மடங்கு என்பது இதுவே.

இப்போது நம் எண்சுவடியைப் பாருங்கள். மா என்பது 1/20. வீசம் 1/16. இருபதுக்கும் பதினாறுக்கும் நிருத்தம் 80. அந்த 1/80-க்குத் தமிழில் தனிப்பெயரே உண்டு: காணி. ஒரு மா நாலு காணி, ஒரு வீசம் ஐந்து காணி. வீசத்துக்கு இன்னொரு பெயர் மாகாணி, அதாவது மாவும் காணியும் சேர்ந்தது. பெயருக்குள்ளேயே கூட்டல் முடிந்துவிட்டது!

ஒரு கணக்கு போடுவோம். இரண்டே முக்காலோடு ஒன்றே அரையே அரைக்கால் கூட்டணும். முக்கால் 12 வீசம், அரையே அரைக்கால் 10 வீசம்; சேர்ந்தால் 22. பதினாறு வீசம் ஒன்றாகிவிடும், மீதி ஆறு. இரண்டும் ஒன்றும் வந்த ஒன்றும் நாலு. விடை நாலே காலே அரைக்கால். இதில் ஒன்றே முக்காலைக் கழிக்கணுமா? ஆறிலே பன்னிரண்டு போகாது. நாலில் ஒன்றை உடைத்தால் 16, ஆறோடு 22. பன்னிரண்டு போக 10 வீசம். முழு எண்ணில் மூன்றில் ஒன்று போக இரண்டு. விடை இரண்டே அரையே அரைக்கால்.

பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்தவரை இது கடைத்தெருவின் அன்றாடப் பேச்சு. 1957 ஏப்ரல் 1-இல் நூறு காசு ரூபாய் வந்தது. வீசம் மெல்ல மெல்ல வாயிலிருந்து போய்விட்டது.

என் பேத்தி 2¾-ஐப் பார்த்ததும் 11/4 என்று மாற்றுகிறாள். ஏன் மாத்தணும் என்று கேட்டால், "மேடம் சொன்னாங்க தாத்தா" என்கிறாள். அதுவும் சரியான வழிதான். ஆனால் இரண்டையும் முக்காலையும் தனித்தனியே வைத்தே கூட்டலாம் என்று காட்டியபோது, அவள் காகிதமே எடுக்கவில்லை.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் காலும் அரையும் முக்காலும் தெரியும். அரைக்காலையும் வீசத்தையும் நாம்தான் சொல்லித் தரணும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பழைய பெட்டியில் எண்சுவடி கிடைத்தால், எடைக்குப் போட்டுவிடாமல் கொண்டு வாருங்கள்.