மூக்கின் கூரைப் புற்று: திறந்த அறுவையிலிருந்து எண்டோஸ்கோப் வரை

மூக்கின் கூரையும் மூளையின் தரையும் ஒரே எலும்புதான். சல்லடை எலும்பின் அந்த மெல்லிய தட்டைத் துளைத்துக்கொண்டு வாசனை நரம்புகள் கீழே இறங்குகின்றன. அங்கே தோன்றும் புற்றுகள் அரிதானவை: மரத்தூளைச் சுவாசித்த தச்சர்களிடம் கண்டறியப்பட்ட சுரப்பிப் புற்று, 1924-இல் பிரான்சில் விவரிக்கப்பட்ட வாசனை நரம்புப் புற்று முதலியன. இவற்றை மூக்கின் வழியே எடுக்கும் முறை எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவியின் வெற்றியாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. கருவி கையில் இருந்தும் முறை ஏன் தாமதமாயிற்று என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

மூக்கு வழி புதிதன்று. இன்ஸ்புரூக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் 1907-இல் அவ்வழியே பிட்யூட்டரிக் கட்டியை அகற்றினார். வியன்னாவின் ஓஸ்கர் ஹிர்ஷ் 1910-இல் அதை எளிமையாக்கினார். ஹார்வி குஷிங் நூற்றுக்கணக்கானோருக்கு அவ்வழியில் அறுவை செய்துவிட்டுப் பின்னாளில் கைவிட, அமெரிக்காவில் அது மங்கிப்போனது. எடின்பரோவில் நார்மன் டாட் விடாமல் காத்தார். அவரிடம் கற்றவர் பாரிஸின் ஜெரார் கியோ. அந்தக் கியோதான் 1963-இல் பிட்யூட்டரி அறுவையில் எண்டோஸ்கோப்பைப் பயன்படுத்திப் பார்த்தார்.

அதே 1963-இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் கெட்சம் குழுவினர், முகத்தையும் மண்டையோட்டையும் ஒருசேரத் திறந்து சைனஸ் புற்றை எடுக்கும் முறையை வெளியிட்டனர். புற்றை உடைக்காமல் ஒரே கட்டியாக எடுக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். அது பலரைக் காப்பாற்றியது, விலையும் பெரிது. 2005-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இவ்வறுவை செய்துகொண்ட 1,193 பேரில் 4.7 விழுக்காட்டினர் அறுவையை ஒட்டி இறந்தனர், 36.3 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் நேர்ந்தன.

இந்த இரு ஓடைகளும் முப்பது ஆண்டுகள் தனித்தனியே ஓடின. இதற்கிடையில் ஹெரால்டு ஹாப்கின்ஸின் கண்ணாடித்தண்டு ஒளியியலைக் கார்ல் ஸ்டோர்ஸ் நிறுவனம் கருவியாக்கியது. கிராஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் அத்தகைய கருவிகளைக் கொண்டு சைனஸ்களின் போக்கைப் பொறுமையாக ஆராய்ந்தார். 1997-இல் பிட்ஸ்பர்க்கின் ஜோ, கராவ் இருவரும் ஐம்பது பேரின் எண்டோஸ்கோப் பிட்யூட்டரி அறுவை அனுபவத்தை வெளியிட்டனர்.

புற்றுக்கு அது போதவில்லை. துண்டு துண்டாக எடுத்தால் நோய் பரவும் என்பது நியாயமான அச்சமே. ஆனால் கட்டியின் பெரும்பகுதி மூக்கின் வெற்றிடத்தில் தொங்குகிறது. வேர் சிறு இடத்தில்தான் பற்றியிருக்கும். தொங்குவதைக் குறைத்து வேரைக் கண்டுபிடித்து, அங்குள்ள சவ்வு, எலும்பு, தேவையானால் மூளையுறை வரை அகற்றி, விளிம்புத் திசுவை அப்போதே உறையவைத்துப் பரிசோதிக்கலாம். திறந்த அறுவையிலும் இவ்விடத்துக் கட்டி பல நேரம் உடைந்தே வெளிவந்தது. கட்டி முழுதாக வந்ததா என்பதைவிட விளிம்பு தூய்மையா என்பதே முக்கியம் என்ற இந்த மாற்றமே இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம் என்பது என் கணிப்பு.

அடுத்த தடை, மூளையுறையில் விழும் ஓட்டை. மூளைத்தண்டுவட நீர் கசிந்தால் மூளையுறை அழற்சி வரும். அர்ஜென்டினாவின் ரொசாரியோவைச் சேர்ந்த ஹடாத், பசகாஸ்தெகி இருவரும் மூக்குத் தடுப்பின் சவ்வை, அதன் இரத்தக் குழாயை அறுக்காமல் உரித்துத் திருப்பி ஓட்டையை மூடினர். 2006-இல் வெளியான இந்தத் திசுமடல், பெரிய ஓட்டைகளில் கசிவை வெகுவாகக் குறைத்தது.

பிறகு முடிவுகள் வந்தன. இத்தாலியின் பிரெஷா, வரேசே மையங்கள் 2008-இல் 184 நோயாளிகளையும், ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 2009-இல் 120 நோயாளிகளையும் பற்றி எழுதின. ஹூஸ்டனில் 93 பேருக்கு மூக்கு வழி மட்டுமே போதுமானதாக இருந்தது. உயிர்பிழைப்பு திறந்த அறுவைக்குக் குறைவில்லை. எனினும் மூக்கு வழிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை பெரும்பாலும் சிறிய கட்டிகள். இரு முறைகளையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது சரியாகாது.

கண்குழியின் உள்ளே, முகத்தோலில், மூளைத்திசுவில் ஆழமாகப் பரவிய புற்றுக்கு இன்றும் திறந்த அறுவையே தேவைப்படுகிறது. ஆகவே இரண்டு வழிகளிலும் தேர்ந்த, காது-மூக்கு-தொண்டை மருத்துவரும் நரம்பியல் அறுவை மருத்துவரும் சேர்ந்து இயங்கும் குழுவிடமே இந்நோயாளிகளை அனுப்ப வேண்டும்.