பரணில் இருந்தவர் யார்?

கீரைப் பாத்தியின் மேல் மூங்கில் பிளாச்சுகளை வளைத்து ஊன்றி, நைலான் வலையைத் தொய்வில்லாமல் இழுத்து, ஓரங்களை மண்ணில் புதைத்து முளைக்குச்சி அடிப்பது, காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள தாமல் போன்ற ஏரிப்பாசன ஊர்களுக்குப் பழைய வேலை அல்ல. இதை வேளாண் முன்னேற்றத்தின் கணக்கில் சேர்ப்பது வழக்கம். எனக்கு வேறு மாதிரி படுகிறது. கூலி கேட்காத ஓர் ஆள் எழுந்து போன இடத்தில்தான் இந்த வலை வந்து உட்கார்ந்திருக்கிறது.

தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் தாமல் பெயரிலும் ஒன்று உண்டு. அந்த நாட்டில் காவலுக்குக் குறைவில்லை. சோழர் கல்வெட்டுகள் பாடிகாவல் என்ற வரியைக் குறிக்கின்றன. 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரை அளந்தபோது திரட்டிய கணக்குகளில், விளைச்சலில் காவல்காரருக்கு உரிய பங்கும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் காவல் முக்கியமாகத் திருடனுக்கும் அவிழ்த்துவிட்ட மாட்டுக்கும் எதிரானது. கிளியை ஓட்டியது யார்? கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளோடு தினைப்புனம் காப்பவர்கள் வீட்டுப் பெண்கள். காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் கந்தபுராணத்திலும் பரண்மேல் நின்று காப்பவள் வேடர் தலைவன் வளர்த்த மகள் வள்ளி. தெய்வக் கதைதான், அதில் உள்ள வேலைப் பிரிவினை ஊர் அறிந்தது. வீட்டுப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் களத்துமேட்டில் யாரும் மரக்கால் பிடித்துப் பங்கு அளந்ததில்லை.

வலை பழங்காலத்திலும் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, பரதவரிடமும் வேட்டுவரிடமும். பருத்தி நூலும் சணலும் வெயிலிலும் மழையிலும் இற்றுப்போகும். மீன் கொண்டுவரும் வலைக்கு அந்தச் செலவு தகும், கீரைக்குத் தகாது. 1930களில் அமெரிக்காவில் பிறந்த நைலான் மீன்பிடிக்கு வந்து, கிழிந்த வலைகள் கொல்லைக்கு வந்தபிறகே விலை கட்டுப்படியானது. அப்படியானால் நூல்தானே காரணம்? பாதிதான். எவ்வளவு மலிவானாலும் வலைக்குக் காசு கொடுக்க வேண்டும். சும்மா கிடைக்கும் பிள்ளை வீட்டில் இருக்கும்வரை அந்தக் காசை யாரும் எடுப்பதில்லை. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தன. நூலைவிட இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன். கல்லெறிந்து பறவை ஓட்டும் கவண் ஒதுங்கியதற்குச் சட்டமும் ஒரு காரணம்: 1963இல் மயில் தேசியப் பறவையானது, 1972 வனவிலங்குச் சட்டம் அதற்கு உச்சப் பாதுகாப்பு தந்தது. நாற்றைக் கொத்தும் மயிலை விரட்டலாம். கல்லால் அடிக்க முடியாது.

வலைக்கு ஆளைப்போல் கண் கிடையாது. தொய்ந்த கண்ணியில் சாரையும் மைனாவும் சிக்கிச் சாகும். அதனால்தான் இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள். கட்டியபிறகும் காலையும் மாலையும் யாராவது போய்ப் பார்த்துவர வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்தான். சாகுபடிச் செலவில் அந்த வேலை இன்றும் ஏறுவதில்லை.